மடைமூளைக்குக் காது இல்லை

கீழ்வயலின் மடை மறுபடியும் திறந்தது. தவமணிக்கு வயிறு எரிந்தது.

பூதமலைச் சரிவில் அவளுடைய கோதுமை பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. இப்போது வேருக்கு ஈரம் தப்பினால் கதிர் முழுக்கப் பதர்தான். ஊற்றுத் தண்ணீரோ அவள் வயலைத் தாண்டி, கீழே கொழுந்தன் இருளாண்டியின் வயலுக்கு ஓடியது.

தண்ணீரைப் பங்கிடுவது மடைமூளை. வயலுக்கு வயல் புதைத்திருக்கும் வேர்ச்செவி என்ற கம்பி மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லும். அதிகம் தவிக்கும் வேருக்கு மடை திறக்கும். மனிதர் பேச்சு அந்த இயந்திரத்துக்குக் கேட்கவே கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றவள் தவமணிதான். இருளாண்டி வாயாலேயே மடையைத் திறந்துவிடுவான் என்ற பயம்.

"ஒன் மண்ணு மட்டும் எப்படிடா தெனமும் காயுது?" என்று மேலிருந்து கத்தினாள்.

"பாகம் பிரிச்சப்ப நல்ல மண்ணப் பூரா அமுக்குனது யாரு மதினி? எனக்கு விட்டது சரளை. அது காயத்தான் செய்யும்."

அன்றே அவள் வேர்ச்செவியைப் பிடுங்கி, அடுப்புச் சாம்பல் நிரப்பிய பானைக்குள் செருகி, வாயை மெழுகால் அடைத்துப் புதைத்தாள். மேல்மடை திறந்தது. வரப்பு வழியத் தண்ணீர் நின்றது. கீழே இருளாண்டி கெட்ட வார்த்தையில் திட்டத் திட்ட அவளுக்கு இனித்தது.

மூன்றாம் நாள் மடைமூளை அறிவித்தது: "எவ்வளவு விட்டும் மேல்வயல் நனையவில்லை. இனி விடுவது வீண்." மடை மூடிக்கொண்டது.

கதிர் முற்ற இன்னும் இரண்டு பாய்ச்சல் வேண்டும். பதறிப்போய்ப் பானையை உடைத்து, வேர்ச்செவியைச் சேற்றிலேயே நட்டாள்.

மடைமூளை உடனே கணக்குச் சொன்னது: "மடை மூடியதும் மேல்வயல் நனைந்துவிட்டது. மடை மூடியிருந்தால்தான் இந்த மண்ணில் ஈரம் ஏறுகிறது. அறுவடைவரை திறக்கப்படாது."

"பானைக்குள்ள வச்சது நாந்தான்! தெற!" என்று மடையை மண்வெட்டியால் அடித்தாள். அது அசையவில்லை.

"காது வேணாம்னது நீங்கதான மதினி?" இருளாண்டி வரப்பில் உட்கார்ந்து சிரித்தான்.

"கீழ்வயலும் இதே சரிவு. இதே முறை அங்கும் பின்பற்றப்படும்," என்றது மடைமூளை. அவன் மடையும் மூடியது. சிரிப்பு நின்றது. அவன் கதிரும் இன்னும் பாலாகத்தான் இருந்தது.

யாருக்கும் இல்லாத ஊற்றுத் தண்ணீர் பள்ளத்தில் விழும் சத்தம் கேட்டது. தவமணி தன் கோதுமையைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருளாண்டியின் முகத்தைத்தான் பார்த்தாள். வயிறு குளிர்ந்தது.