அம்மாவின் ஐந்து நிமிடம்

வேலை முடிந்து வந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். இன்னொன்று காலிலேயே இருந்தது.

வாயாடிக்குப் பகீரென்றது. வாயாடி என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். வயது பத்து. ஒரே மூச்சில் ஒன்பது கேள்வி கேட்பாள்.

“என்னம்மா ஆச்சு? யாராவது திட்டினாங்களா? தலை வலிக்குதா? ஏன் பேச மாட்டேங்கிற?”

“ஒண்ணுமில்ல. போய்ப் படி.”

ஒன்றுமில்லை என்று சொல்கிற முகமா அது?

அம்மா மனநல மருத்துவமனையில் நர்ஸ். மனசு சரியில்லாதவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் அவருடைய வேலைதான். அதற்கான தேர்வுக்குப் படித்தபோது வாயாடியைத்தான் நோயாளியாக உட்காரவைத்துப் பழகினார். அதனால் அந்தப் பாடம் முழுக்க வாயாடிக்கு அத்துப்படி. நேர் எதிரே உட்காரக் கூடாது. ‘ஏன், ஏன்’ என்று குடையக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

கடைசிதான் கஷ்டம்.

அவள் முக்காலியை இழுத்து அம்மாவுக்குப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தாள். “சொல்லணும்னு தோணினா சொல்லும்மா. நான் இங்கதான் இருப்பேன்.”

மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். முப்பதில் நாக்கு துறுதுறுத்தது. அறுபதில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தொண்ணூறு வந்தபோது அம்மா பெருமூச்சு விட்டார்.

“ஒருத்தங்க இருக்காங்க. யாருன்னு சொல்ல மாட்டேன்.”

“தெரியும்மா. ஆஸ்பத்திரி ரகசியம்.”

“வந்ததுலேருந்து யார்கிட்டயும் பேசல. போன வாரம்தான் என்கிட்ட வாயத் திறந்தாங்க. பாதியில இன்னொருத்தருக்கு உடம்பு முடியலன்னு என்னைக் கூப்பிட்டாங்க. ‘அஞ்சு நிமிஷத்துல வர்றேன்’னு சொல்லிட்டு ஓடினேன். திரும்பிப் போகவே மறந்துட்டேன். அதுலேருந்து என் முகத்தைக்கூடப் பாக்கல. மூணு நாளா சரியா சாப்பிடவும் இல்ல.”

அம்மாவின் அஞ்சு நிமிஷம்! அது வாயாடிக்குத் தெரியாததா? நோட்டுக்கு அட்டை போட்டுத் தரச் சொன்னால் ‘அஞ்சு நிமிஷம்’ என்பார். அடுத்த வாரம்தான் அட்டை வரும். சொல்லிக் காட்ட வாய் துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

“காத்திருந்து காத்திருந்து, நம்மள மறந்துட்டாங்கன்னு தோணியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோணும்,” என்று மட்டும் சொன்னாள்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாயாடி தொண்டையைச் செருமி, அம்மாவின் குரலிலேயே கேட்டாள். “இப்ப என்ன செய்யலாம்னு உங்களுக்குத் தோணுது?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “தப்பு என்னோடதுன்னு அவங்ககிட்ட சொல்லணும். இத்தனை நாளா ‘சாப்பிடுங்க, சாப்பிடுங்க’ன்னுதான் சொல்லிட்டிருந்தேன்.”

எழுந்து, மிச்சமிருந்த செருப்பையும் கழற்றினார்.

மறுநாள் மாலை அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். “காலையில மன்னிப்பு கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ‘நாலு மணிக்கு வர்றேன்’னு சொல்லிட்டு, ரெண்டு நிமிஷம் முன்னாடியே போய் நின்னேன்.”

“அப்புறம்?”

“‘சீக்கிரமே வந்துட்டீங்களே’ன்னாங்க! ரெண்டு பேரும் சேர்ந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டோம்.”

வாயாடிக்கு அப்பாடா என்றிருந்தது. நல்ல நேரம் பார்த்து நோட்டையும் பழுப்புத் தாளையும் நீட்டினாள். “அம்மா, அட்டை?”

“அஞ்சு நி...” அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். “ஆறேகாலுக்கு.”

ஆறு மணி பதின்மூன்று நிமிடத்துக்கே கத்தரிக்கோலோடு வந்து நின்றார்.

“சீக்கிரமே வந்துட்டியே!” என்றாள் வாயாடி.