பாயின் விளிம்பில் நின்ற பாதங்கள்

மனைவி நம்பூசியின் பாதங்கள் சமையலறைப் பக்கம் போன பிறகும் தரையில் இரண்டு பாதங்கள் நின்றன.

கட்டிலின் விளிம்பில் முகம் தொங்கக் குப்புறப் படுத்திருந்த செபுலிபா, கீழே விரித்திருந்த ஓலைப்பாயையும் அதற்கு அப்பால் நின்ற அந்தப் பாதங்களையும் பார்த்தபடி, வாழையிலைக்குள் வேகும் மட்டோகே வாழைக்காயின் வாசத்தை இழுத்துக்கொண்டு கேட்டார்.

"யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரு வரப்போறா? குப்புறப் படுத்து ஒரு மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள ஊரையே துணைக்குக் கூப்பிடுறீங்களே!" உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

இது ஒத்திகைதான். இடக்கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த வலக்கண்ணில் விழித்திரை கழன்று, கீழிருந்து ஒரு கறுப்பு நிழல் ஏறிக்கொண்டிருந்தது. கம்பாலா டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அறுவை செய்து கண்ணுக்குள் வாயு நிரப்ப வேண்டும், பிறகு இரண்டு வாரம், உண்ணும்போதும் உறங்கும்போதும் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்வை இல்லை. முடியுமா என்று வீட்டில் படுத்துப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்.

வெடித்த குதிகால். வாழைப்பால் கறை ஏறிக் கறுத்த நகங்கள். இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

தெரிந்த பாதங்கள். மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவன் பார்வை படும் இடத்தில் அவளும் நெருங்கக் கூடாது என்பது அவர்கள் இனத்து வழக்கம். கல்யாணமான நாள் முதல் தலை குனிந்தே வணக்கம் சொன்னவருக்கு அவளிடம் தெரிந்ததெல்லாம் இவைதான். போன மழைக்காலத்தில் அவளை மசாக்காவில், அவளுடைய வாழைத்தோட்டத்துச் செம்மண்ணில் புதைத்தார்கள்.

தலையைத் தூக்கினார். யாருமில்லை. குனிந்தார். பாயின் விளிம்பில் விரல்கள், ஈர மண்ணோடு.

அதைத் தாண்டி வரவில்லை. காத்திருந்தன.

ஞாயிறு வரை படுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நின்றன.

"டாக்டருக்குப் போன் போடு. நான் வரலை."

"கண்ணு போயிடும்ங்க!"

"போகட்டும். ரெண்டு வாரம் அந்தத் தரையைப் பாக்க என்னால ஆகாது."

"தரை என்ன கடிக்கவா போகுது?" நம்பூசியின் குரல் உடைந்தது. "எங்கம்மா இருந்திருந்தா..."

"உங்கம்மா பேச்சை எடுக்காதே."

"உயிரோட இருந்தப்ப முகத்தைத்தான் பாக்கலை. இப்ப பேச்சுகூட ஆகாதா?"

நிழல் ஏறியது. ஜன்னல் போயிற்று. நம்பூசியின் முகம் போயிற்று. கடைசியில் ஒரு மத்தியானம், எங்கும் ஒரே கறுப்பு. செபுலிபா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டார். இனிப் பார்க்க ஒன்றுமில்லை.

பாய் சரசரத்தது.

"நம்பூசி?"

கொல்லையில் அவள் துணி அலசும் சத்தம் கேட்டது.

ஈர மண் வாசம். வெடித்த குதிகால் ஓலையில் உரசும் ஒலி. நிற்கவில்லை.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவர் பார்வை இருந்ததால்தான் மாமியார் இத்தனை நாள் தள்ளி நின்றாள்.

இன்னும் அருகே. முழங்காலை ஒட்டி. பிசுபிசுத்த விரல்கள் மோவாயைப் பிடித்தன. நிமிர்த்தின.

அந்தக் கறுப்பில் ஒரு முகம் மட்டும் தெரிந்தது. வாய் நிறையச் செம்மண். சிரித்தது.

இமைகளை இறுக மூடினார்.

தெரிந்தது.