நகர்ந்த வாரம்

பதவி உயர்வில் இரண்டாம் ஆண்டாகவும் தன் பெயர் விடுபட்டதைக் கண்ட அன்றே பவானேஸ்வரி புகார் கொடுத்துவிட்டாள். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையின் மலாய்க்கார நிர்வாகி ரோஸ்லி நேர்காணலில் தமிழர்களை ஒதுக்குகிறார் என்பது புகார். பொய்யென்று ஆனால் அவள் வேலை போய்விடும்.

விசாரிக்கத் தலைமையகத்திலிருந்து திலகா வந்தாள். இரண்டு ஆண்டிலும் சேர்த்து, விண்ணப்பித்த தமிழர் முப்பது பேரில் தேறியவர் நால்வர். மற்றவர் அறுபது பேரில் இருபத்தேழு. கணக்குப் போட்டுச் சோதித்தாள். வெறும் குலுக்கலில் நூறில் ஒரு முறைகூட இவ்வளவு வித்தியாசம் விழாது.

"அப்ப ரோஸ்லிதானேக்கா?" என்றாள் பவானேஸ்வரி.

"ஏதோ நடந்திருக்குன்னுதான் கணக்கு சொல்லுது. யாருன்னு சொல்லல லா. நீங்க லீவு அதிகமா எடுப்பீங்களா?"

"வருஷத்துக்கு ஒரு நாள். மாசி மகத்துக்குப் பக்கத்து ஊரு செங் கோயில்ல பால்குடம்."

திலகா கோப்புகளைப் புரட்டினாள்; நேர்காணலுக்கு முன்பே ஒரு சல்லடை இருந்தது. வேலை மிகுந்த வாரம் என்று குறிக்கப்பட்ட வாரத்தில் விடுப்பு எடுத்தவர்கள் அங்கேயே கழிக்கப்பட்டார்கள். தமிழர் இருபத்திரண்டு பேர் அப்படிப் போயிருந்தார்கள். மிஞ்சிய எட்டுப் பேரில் நால்வர் தேறினர். மற்றவர்களிலும் நேர்காணல்வரை வந்த ஐம்பத்து நான்கு பேரில் சரிபாதிதான் தேறியிருந்தார்கள். ரோஸ்லியின் அறைக்குள் பாகுபாடு இல்லை.

திலகா மேற்பார்வையாளர் சேகரனை அழைத்தாள்.

"அந்த வாரத்த யாரு குறிச்சுக் குடுக்கிறது?"

"நான்தான் மேடம். ஆர்டர் ஜாஸ்தியா இருந்த வாரம்."

"போன வருஷம் பிப்ரவரி, இந்த வருஷம் மார்ச். ரெண்டு வாரமும் சரக்கு லோரி கம்மியாத்தானே போயிருக்கு?"

"ரோஸ்லியும் சரின்னுதான் கையெழுத்து போட்டாரு."

"மாசி மகம் வருஷா வருஷம் தேதி மாறும். நீங்க குறிச்ச வாரமும் கூடவே நகர்ந்திருக்கு. ரோஸ்லிக்கு அந்தத் தேதி தெரியுமா? இங்க மேல இருக்கிறவங்கள்ல அது தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்."

சேகரன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அசிஸ்டன்ட் மேனேஜர் வேலைக்கு என் பேரு போயிருக்கு மேடம். நம்ம ஆளுங்க நாலஞ்சு பேரு ஒண்ணா மேல வந்தா, சேகரன் கூட்டம் சேர்க்கிறான்னுதான் பேசுவாங்க."

வெளியே பவானேஸ்வரி காத்திருந்தாள்.

"புகார் உண்மை, பேருதான் தப்பு. உங்க வேலை போகாது. இருபத்திரண்டு பேருக்கும் திரும்ப நேர்காணல் வைக்கச் சொல்லி எழுதிட்டேன்."

"பேரு தப்புன்னா?"

திலகா சொன்னாள்.

"ரெண்டு வருஷமும் சேகரன் சாருதான்க்கா லீவு குடுத்தாரு. எனக்கும் சேர்த்து வேண்டிக்கம்மான்னாரு."

பவானேஸ்வரி தொப்பியைக் கழற்றி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, மன்னிப்புக் கேட்க ரோஸ்லியின் கதவைத் தட்டினாள்.