கடைசிக்குத் தள்ளப்பட்ட அழைப்பு

போன் அலறியது.

"ஆம்புலன்ஸ் 103... சொல்லுங்க."

"மறுபடியும் நூரிலாதான் பேசறேன். என் புருஷன் எசெனுக்கு மூச்சே வரல. இன்னும் எத்தனை தடவைதான் கூப்பிடறது?"

பெர்மெத் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிஷ்கெக் ஆம்புலன்ஸ் மையத்தின் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவள் அவள். பனி கொட்டும் நாட்களில் போனும் எடுப்பாள். இந்த அழைப்புக்கு அவளேதான் சிவப்பு கொடுத்திருந்தாள். சிவப்பென்றால் உயிர் போகிற அவசரம். முதல் வண்டி அங்கேதான் போக வேண்டும்.

திரையைப் பார்த்தாள்.

முதல் வண்டி ஒரு கால் சுளுக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

எசெனின் பெயர்... கடைசியில்.

"குபாத் அண்ணே, இங்க வாங்க."

மேலாளர் குபாத் வந்தான். கையிலிருந்த செல்போனை அவள் மேஜைமேல் வைத்தான்.

"என்ன?"

"நாலு மெஷின்லயும் இந்த அழைப்பு இருக்கு. மூணுல முன்னாடியே வந்திருக்கு. வரிசை போடற தலைமை மெஷின் மட்டும் 'இப்பதான் வந்துச்சு'ன்னு சொல்லிப் பின்னாடி தள்ளுது. ஒவ்வொரு தடவையும்."

"ரிப்பேரா இருக்கும்."

"ரிப்பேரானா மெஷினே செத்துடும். மத்த மூணும் கண்டுபிடிச்சுடும். இது சாகலண்ணே... பொய் சொல்லுது. யாரோ சொல்ல வச்சிருக்காங்க."

"அதுக்கு?"

"வயரைப் பிடுங்கிடறேன். மத்த மூணும் சேர்ந்து வேற தலைமையைத் தேர்ந்தெடுத்துக்கும்."

"பைத்தியமா உனக்கு? அதுவரைக்கும் ஊர்ல ஒரு வண்டி நகராது. ஓஷ் பஜார் பக்கத்துல ஒருத்திக்குப் பிரசவ வலி. அவளுக்கு ஒண்ணுன்னா நீ பதில் சொல்வியா?"

பெர்மெத் மெஷின் அறைப் பக்கம் பார்த்தாள்.

இந்தப் பக்கம் ஓர் உயிர்... அந்தப் பக்கம் இரண்டு.

குபாத் மெஷின் அறைக் கதவை மறித்து நின்றான். அவள் அவன் கைக்கு அடியில் குனிந்து ஓடினாள். பிடுங்கினாள்.

திரைகள் உறைந்தன.

"வந்துடு... வந்துடு..." உதடு காய முணுமுணுத்தாள்.

வந்தது.

எசென் முதலில். பிரசவம் அடுத்தது. இரண்டு வண்டிகளும் கிளம்பின. பெர்மெத் நாற்காலியில் சரிந்து அழுதாள்.

வயர்லெஸ்ஸில் டிரைவர் ஸ்லாவாவின் குரல்.

"எசென் வீட்டு வாசல்ல நிக்கறோம். பெல் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சதுதான் மிச்சம். கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க."

"உள்ள யாருமில்லையா?"

"ஜன்னல்ல தெரியுதே... ஒரு பொம்பள. காதுல போனை வச்சுக்கிட்டு நிக்குது."

மேஜைமேல் குபாத்தின் செல்போன் துடித்தது.

அவன் பாய்ந்தான். பெர்மெத் முந்திக்கொண்டாள். ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"குபாத்... வண்டி வந்து நிக்குது. அவர் இன்னும் சாகல. ஆம்புலன்ஸ் வரவே வராதுன்னு நீதானே சொன்னே? நாளைக்கு யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு திரும்பத் திரும்பக் கூப்பிட்டேனே..."

நூரிலா.

குபாத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஸ்லாவா," என்றாள் பெர்மெத். "கதவை உடைங்க."

எசெனை மூச்சோடு தூக்கி வந்தார்கள். சூப்பில் விஷம். பஜார் பக்கத்துப் பெண்ணுக்கு வண்டியிலேயே குழந்தை பிறந்தது.

போலீஸ் குபாத்தின் கையில் விலங்கை மாட்டியது.

"வக்கீலைக் கூப்பிடணும். அவசரம்."

"கூப்பிடுங்கண்ணே," என்றாள் பெர்மெத். "அது எத்தனாவது அவசரம்னு போலீஸ் பாத்துக்கும்."