காணாமல் போன சாக்பீஸ்

மூன்றாவது மாடி ஏறுவதற்குள் தையல்காரி இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். துப்பறிவாளர் காட்டிய நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, மூச்சு அடங்கியதும் பையிலிருந்து ஒரு ஃப்ளாஸ்க்கை எடுத்து வைத்தாள். கூடவே உருண்டு விழுந்த சாக்பீஸ் துண்டை அவசரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“இந்த டீயில என் நாத்தனார் ஏதோ கலக்குறா. நாலு மாசமா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. எட்டு மணி நேரம் தூங்கினாலும் அதே கதைதான். வீட்டுல சொன்னா சோம்பேறித்தனமாம். சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது.”

துப்பறிவாளரின் மருமகள் குறிப்பேட்டைத் திறந்தாள். எந்த வழக்கிலும் அவரைவிட அவளுக்குத்தான் அவசரம். “தூக்க மாத்திரைதான் மாமா.”

“பொறும்மா. நாத்தனாருக்கு இதுல என்ன லாபம்?”

“தையல் கடை ரெண்டு பேருக்கும் பொது. நான் படுத்துட்டா அவ ராஜ்ஜியம். துணியில கோடு போடுற சாக்பீஸைக்கூட விடல, பெட்டி பெட்டியா காணாமப் போகுது. இதுல ‘டாக்டர்கிட்டப் போலாம் அண்ணி’ன்னு நச்சரிப்பு வேற, என்னைக் கடையிலேருந்து கிளப்ப. காலையில சொல்லிட்டேன், இனிமே கடைப் பக்கம் வராதேன்னு.”

“இந்த டீயைக் கடைசியா எப்போ குடிச்சீங்க?”

“நிறுத்தி மூணு வாரமாச்சு.”

“அசதி குறைஞ்சுதா?”

“கூடியிருக்கு,” என்றாள் எரிச்சலோடு.

மருமகளின் பேனா நின்றது.

“அப்போ டீ மேல தப்பில்ல. பையில போட்ட அந்தச் சாக்பீஸ் துண்டை எடுங்க.”

தயங்கி எடுத்து வைத்தாள். ஓரமெல்லாம் பல் தடம்.

“ஒண்ணு ரெண்டு கடிப்பேன். பெட்டி பெட்டியாவா தின்பேன்?”

“எண்ணிப் பார்த்தீங்களா?”

தையல்காரி துண்டைத் திருப்பிப் பல் தடங்களைப் பார்த்தாள்.

“சாக்பீஸ், மண், ஐஸ் திங்கத் தோணறது பல சமயம் இரும்புச்சத்து குறைஞ்சதோட அடையாளம். அது குறைஞ்சா ரத்தம் போதுமான ஆக்ஸிஜனைச் சுமக்காது. உடம்பு அசரும், படி ஏறினா மூச்சு வாங்கும்.”

மருமகள் மெல்லக் கேட்டாள். “மாசா மாசம் ரத்தம் ரொம்பப் போகுதா அக்கா?”

“ஆறு மாசமா. அதை யார்கிட்டச் சொல்ல?”

“டாக்டர்கிட்ட,” என்றார் துப்பறிவாளர். “நான் சொல்றது ஊகம்தான். தைராய்டு, சர்க்கரை, குறட்டையில கெடுற தூக்கம், மனச்சோர்வு, சாப்பிடுற மருந்து, எது வேணும்னாலும் இப்படி அசதி தரும். ரத்தப் பரிசோதனை பண்ணாத்தான் தெரியும். ஓய்வெடுத்தும் ரெண்டு மூணு வாரத்துல சரியாகலேன்னாலே போயிருக்கணும். நெஞ்சு வலி, மயக்கம், சும்மா உட்கார்ந்தாலும் மூச்சு வாங்கறதுன்னா அப்பவே ஓடணும். நீங்களா இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீங்க. ஏன் குறைஞ்சுதுன்னு முதல்ல பார்க்கணும்.”

“நாலு மாசம்,” என்றாள் தையல்காரி. கோபத்தில் குரல் உயர்ந்தது. “ஒருத்தர் கூட டாக்டரைப் பாருன்னு…”

பாதியில் நிறுத்திவிட்டாள். நாத்தனார் டீ போட்டுக் கொடுத்த ஃப்ளாஸ்க் கண்ணில் பட்டது. பிறகு போனை எடுத்தாள்.

“நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகணும். துணைக்கு வர்றியா?”

மறுமுனையில் நாத்தனாரின் குரல் கேட்டது.

“கடைப் பக்கம்தானே வராதேன்னீங்க அண்ணி? ஆஸ்பத்திரிக்கு வரலாம்ல?”