பதினான்காவது கேள்வி

மப்ராங் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். தாய்லாந்தின் தெற்கே, அவள் பிறந்த கடற்கரை ஊரில் எல்லாருமே அப்படித்தான் படபடவென்று பேசுவார்கள். ஆனால், அம்மாவுக்கு வடக்கே லம்பாங்குக்கு வேலை மாற்றலாகிவிட்டது.

"அடியே, மெதுவா! ரயிலா ஓட்டறே?" என்று முதல் நாளே கேட்டவள் ஐஸ். செல்லப்பெயர்தான் ஐஸ். அவள் வாய் மட்டும் எப்போதும் சூடு. அவளைச் சுற்றி எந்நேரமும் ஒரு கூட்டம் இருக்கும்.

மப்ராங் பேசுவதையே விட்டுவிட்டாள். இரண்டு மாதமாக மதியச் சாப்பாடு தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், தனியாக. அம்மா கட்டிக்கொடுத்த பொரித்த மீன்கூட ருசிக்கவில்லை.

அன்று காலை சுனிசா டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

"உங்க மனசு எவ்வளவு தெம்பா இருக்குன்னு பார்க்கப் போறோம். பேர் எழுத வேண்டாம்."

பதினான்காவது கேள்வி இது: 'மனதில் இருப்பதைச் சொல்ல எனக்கு ஒரு நண்பர் உண்டா?'

'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் மப்ராங் குறி போட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் புன்னகையோடு நின்றிருந்தார். இந்த வகுப்பின் சுவரெல்லாம் காகிதப்பூ ஒட்டியவர் அவர். இதைப் படித்தால் அவர் மனம் நோகாதா? டீச்சர் மனதை நோகடிப்பது லேசான காரியமா என்ன! மப்ராங் அவசரமாக அழித்துவிட்டு, 'எப்போதும்' என்பதில் குறி போட்டாள்.

அடுத்த பாடவேளையில் டீச்சர் கைதட்டினார். "முப்பத்திரண்டு பேருமே 'எப்போதும்'! அப்போ வெள்ளிக்கிழமை மனசுவிட்டுப் பேசற வகுப்பு நமக்குத் தேவையே இல்ல. அதை வேற வகுப்புப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துடலாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். மப்ராங்கும் தட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது.

இடைவேளையில் அவள் ஆசிரியர் அறைக்குப் போய் வாசலில் காலணியைக் கழற்றினாள். அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி கிடந்தது. உள்ளே கைகூப்பியபடி ஐஸ் நின்றிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"டீச்சர், பதினாலாவது கேள்விக்குத் தப்பாப் போட்டுட்டேன்."

"நானும் டீச்சர்" என்றாள் மப்ராங், வாசலிலிருந்தே.

"ஏன்டி அப்படிப் போட்டீங்க?"

"நீங்க வருத்தப்படுவீங்களேன்னு..." இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! எனக்காகத்தான் முப்பத்திரண்டு பேரும் சந்தோஷமா இருக்கீங்களா? வெள்ளிக்கிழமை வகுப்பை நான் யாருக்கும் தர மாட்டேன்." புதிதாக இரண்டு தாள்கள் கொடுத்தார்.

இருவரும் வெளிப்படியில் உட்கார்ந்தார்கள்.

"உனக்கா யாரும் இல்ல? உன்னைச் சுத்தி எப்பவும் கூட்டம்தானே!" மப்ராங் மறந்துபோய்ப் படபடவென்று கேட்டுவிட்டாள்.

ஐஸ் கேலி செய்யவில்லை. "சிரிக்கத்தான் வருவாங்க. மணி அடிச்சா போயிடுவாங்க. எங்கப்பா வேலைக்குன்னு வெளிநாடு போய் அஞ்சு மாசம் ஆச்சு. அவரை நினைச்சு அழறேன்னு யார்கிட்ட சொல்றது?"

"என்கிட்ட சொல்லிட்டியே."

"ஆமால்ல!" ஐஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ பேசறது எனக்கு நல்லாவே புரியும், தெரியுமா?"

"அப்புறம் ஏன் ரயிலுன்னு சொன்னே?"

"உன்கிட்ட வேற என்ன பேசறதுன்னு தெரியல."

மணி அடித்தது. இருவரும் தாள்களோடு உள்ளே போனார்கள். இரண்டு தாள்களிலும் பதினான்காவது கேள்வி மட்டும் காலியாக இருந்தது. மப்ராங் டீச்சரிடம் ஏதோ படபடவென்று சொன்னாள்.

"என்னடி சொல்றா இவ?" என்றார் டீச்சர்.

"பதிலை இப்பதான் மாத்திக்கிட்டிருக்கோமாம்" என்றாள் ஐஸ், நிறுத்தி நிதானமாக. "நாளைக்குப் போடறோம் டீச்சர்."