பாலில் விஷமா, அமராவதி?

“கதிரு... டேய் கதிரு!”

அமராவதியின் அலறலில் ஆயாக் கொட்டகையின் தகரக் கூரையே அதிர்ந்தது!

1986. மலேசிய ரப்பர் தோட்டம் ஒன்று. வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணி. ரப்பர் மரம் சீவிவிட்டு, நாலு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடி வந்திருந்தாள். தொட்டிலுக்குள் கதிர் துவண்டு கிடந்தான். உலுக்கினாள். கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும்... மெல்ல... மிக மெல்ல...

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா லீலாவதி மூலையில் நின்று நடுங்கினாள்.

வாசலில் ஜீப் கிறீச்சிட்டது. கோல சிலாங்கூர் இன்ஸ்பெக்டர் வாசு குதித்து இறங்கினார். பின்னாலேயே தோட்டத்துக் கிளினிக்கைக் கவனிக்கும் ட்ரெசர் சோமு.

“இவதான் சார்! ஆஸ்பத்திரி கார்டுல நானே பாத்தேன். மனக்கோளாறு மாத்திரையை முழுங்கிட்டுப் பிள்ளைக்குப் பால் குடுக்குறா! பாலோட விஷத்தை ஊட்டுறா!”

கூடியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

லோரி ஓட்டும் கணவன் செல்லன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“மனக்கோளாறா? சத்து மாத்திரைன்னு தானடி என்கிட்ட சொன்ன?”

பிள்ளையைப் பிடுங்கி, அவள் கையைத் தட்டிவிட்டான்.

“தொடாத!”

“முதல்ல ஆஸ்பத்திரி!” வாசு கத்தினார்.

ஜீப் அப்பனையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பறந்தது. ஏறப் போன அமராவதியைப் போலீஸ்காரர் ஒருவர் மறித்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

பிள்ளை பெற்றபின் இரண்டு மாதம் சுவரையே வெறித்துக் கிடந்தவள் அவள். ஒருநாள் ஆற்றங்கரை வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பியவள். டவுன் ஆஸ்பத்திரி லேடி டாக்டர்தான் மாத்திரை கொடுத்து மறுபடி மனுஷியாக்கினார்.

“விஷமா?” சீறினாள். “பால் குடுக்குறவன்னு தெரிஞ்சுதான் சார் டாக்டரம்மா குடுத்தாங்க! கொஞ்சம் பால்ல இறங்கும், பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கினா, பால் சப்பலைன்னா உடனே தூக்கிட்டு வான்னாங்க!”

“தூங்கினானா?”

“ரெண்டு வாரமா தூங்குறான் சார். நாளைக்குக் காட்டலாம்னு இருந்தேன்...”

“பாத்தீங்களா! அவளே ஒத்துக்கிட்டா!” சோமு துள்ளினார்.

அமராவதி விரல் விட்டு எண்ணினாள். ரெண்டு வாரம்... தினமுமா தூங்கினான்?

“இல்ல சார்! ஞாயித்துக்கிழமை தூங்கல!”

“என்னம்மா சொல்ற?”

“ஞாயித்துக்கிழமை கொட்டகை லீவு. அன்னைக்கும் மாத்திரை போட்டேன். நாள் பூரா என் பாலைத்தான் குடிச்சான். காலை உதைச்சுக்கிட்டுச் சிரிச்சான் சார்! இங்க கொண்டாந்து விட்டாத்தான்...”

சட்டென்று திரும்பினாள். வரிசையாக இன்னும் ஒன்பது தொட்டில்கள்!

“நான் போட்ட கூச்சல்ல தோட்டமே கூடிருச்சு. இதுல ஒரு பிள்ளையாவது முழிச்சுச்சா?”

ஒரு தொட்டிலிலும் சிணுங்கல்கூட இல்லை.

வாசு ஒரு தொட்டிலை விலக்கினார். கை தட்டினார். அசைவில்லை. அடுத்தது... அதற்கடுத்தது...

“ஏன் ட்ரெசர், இந்த ஒம்பது பிள்ளைங்க அம்மாவும் மாத்திரை சாப்பிடுறாங்களா?”

லீலாவதி பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள்.

“நான் ஒருத்தி சார்... பத்துப் பிள்ளைங்க! ஒண்ணு அழுதாலும் தாய்க்காரி வேலையை விட்டுட்டு ஓடியாறான்னு வேலை வாங்குற மண்டோர் கத்துறாரு. ட்ரெசரய்யாதான் இருமல் மருந்து குடுத்தாரு. அரைக் கரண்டி ஊத்து, தூங்கிரும்னாரு. இன்னைக்குக் கதிரு அழுகையை நிறுத்தல... ரெண்டு கரண்டி ஊத்திட்டேன்! எழுப்பினா எழும்பல. பத்து மணிக்கே ஓடிப் போய் அவர்கிட்ட சொன்னேன் சார்!”

“பத்து மணிக்கா?” வாசு சோமு பக்கம் திரும்பினார். “பத்து மணிக்குத்தான் உங்ககிட்டருந்து ஸ்டேஷனுக்குப் போன் வந்துச்சு. தாயே பிள்ளைக்கு விஷம் வச்சுட்டான்னு! பிள்ளையைப் பாக்காம, பழி போட ஆளைத் தேடியிருக்கீங்க!”

“சார்... அது வந்து...”

“அரை மணி நேரம்!” அமராவதி பாய்ந்தாள். “என் பிள்ளை மூச்சுக்குத் திணறுறப்ப நீ போன் பேசிக்கிட்டா இருந்த?”

பளார்!

இன்ஸ்பெக்டர் வாசு அந்த நேரம் பார்த்துக் கூரையில் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒன்பது பிள்ளைகளும் லோரியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அமராவதி முன் சீட்டில்.

மாலை நாலு மணிக்குக் கதிர் கண்ணைத் திறந்தான். வார்டே அதிர வீறிட்டான்!

“இருமல் மருந்துதான் காரணம்,” என்றார் லேடி டாக்டர். “மாத்திரையை நீயா நிறுத்திடாத. கொஞ்சம் தெளியட்டும், நான் சொன்னதும் பால் குடு. இதுவரைக்கும் கவனிச்ச மாதிரியே கவனி. நீ கவனிச்சதாலதான் பத்து உசுர் தப்பிச்சது.”

கட்டிலோரம் செல்லன் தலைகுனிந்து நின்றான்.

“அமரா... என்னை மன்னிச்சிரு.”

“பிள்ளை முதல்ல தேறட்டும். உங்களை அப்புறம் வச்சுக்குறேன்.”

வாக்குமூலம் வாங்க வந்த வாசு தொப்பியைக் கழற்றினார்.

“சோமு லாக்கப்புல ஒரே அழுகைம்மா. விட்டுருங்க விட்டுருங்கன்னு கத்துறாரு. ஸ்டேஷன்ல ஒருத்தனும் வேலை பாக்க முடியல.”

அமராவதி நிமிர்ந்தாள்.

“அவர் மருந்து போத்தல்ல மிச்சம் இருக்குமே சார்... அரைக் கரண்டி ஊத்துங்க. சத்தமே வராதுலா!”